ஒரே கணினியில் இரண்டு ஐசியூ: பழைய லைப்ரரியையும் டிஸ்ட்ரோ சுமக்க வேண்டுமா?

ஈசூன் புத்தகப்பெட்டி — சனி, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் புளோக்கின் கீழே, வசிப்போர் குழு ஒதுக்கிக் கொடுத்த அறையில் தமிழ்ப் புத்தகங்களை இரவல் கொடுத்து வருகிறோம். 4,000 புத்தகங்களுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பட்டியல், உறுப்பினர் விவரம், இரவல் கணக்கு எல்லாம் ஒரே ஒரு மேசைக் கணினியில்தான். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ (நிரல்களைத் தொகுத்து வெளியிடும் விநியோகம்), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். லினக்ஸ் நானாகப் படித்துக்கொண்டது.

போன வாரம் டெபியன் 11-லிருந்து 12-க்கு ஏற்றினேன். முடிந்ததும், இந்தப் பேக்கேஜ்கள் இனித் தேவையில்லை, நீக்கலாம் என்று ஆப்ட் (டெபியனில் நிரல்களை நிறுவி நீக்கும் பேக்கேஜ் மேலாளர்) ஒரு பட்டியல் காட்டியது. நீக்கினேன். மறுநாள் இரண்டு தொல்லை.

ஒன்று, புத்தக முதுகில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் நிரல் திறக்கவில்லை. அச்சுப்பொறியோடு ஒரு நிறுவனம் கொடுத்தது, பெயர் வேண்டாம். டெர்மினலில் ஓட்டினால் "லிப்ஐசியுயுசி.எஸ்ஓ.67 கோப்பைத் திறக்க முடியவில்லை" என்கிறது. இது ஐசியூவின் கோப்பு. பல மொழி எழுத்து, அகரவரிசை, தேதி வடிவம் எல்லாம் பார்த்துக்கொள்ளும், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி அது. தேடிப் பார்த்தேன், அதே பெயரில் 72 இருக்கிறது. சரி, 72-க்கு 67 என்று ஒரு சிம்லிங்க் (மாற்றுப் பெயர்) போட்டுப் பார்த்தேன். இப்போது "யு_ஸ்ட்ர்லென்_67 என்ற சிம்பல் இல்லை" என்கிறது.

இரண்டு, புத்தகத் தலைப்புகளை அகரவரிசையில் எடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் ஓர் எச்சரிக்கை போடுகிறது. வரிசை விதியின் வெர்ஷன் பொருந்தவில்லையாம்.

என் கேள்வி இதுதான். 67-ம் 72-ம் வேறு வேறு பெயர்க் கோப்புகள். இரண்டையும் டெபியன் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கலாமே? ஏன் பழையதை எடுத்துவிடுகிறார்கள்?


ஜூரோங் இரவுப்பணி — சனி, காலை 10.15

சார், முதல் வேலையாக அந்த சிம்லிங்க்கை அழித்துவிடுங்கள். ஐசியூவில் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரின் வாலிலும் வெர்ஷன் எண் ஒட்டியிருக்கும். யு_ஸ்ட்ர்லென்_67 என்று கேட்கும் நிரலிடம் யு_ஸ்ட்ர்லென்_72 மட்டும் உள்ள கோப்பைக் கொடுத்தால் அது உடனே நின்றுவிடுகிறது. நின்றதே நல்லது. வேறு சில லைப்ரரிகளில் இதே வேலையைச் செய்தால் நிரல் திறந்துகொள்ளும், பாதி வழியில் தரவைக் கெடுக்கும். அப்படிக் கெட்ட ஒரு சர்வரோடு நான் ஒரு முழு இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய லைப்ரரி ஏன் போனது என்றால், உங்கள் லேபிள் நிரல் ஆப்ட் வழியாக வரவில்லை. /opt கோப்புறையில் டார் கோப்பாக (சுருட்டிய தொகுப்பாக) வந்ததை அவிழ்த்து வைத்திருப்பீர்கள். அதற்கு லிப்ஐசியூ67 வேண்டும் என்பது பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியவே தெரியாது. யாரும் கேட்கவில்லை என்று நினைத்து எடுத்துவிட்டது.


ஈசூன் புத்தகப்பெட்டி — சனி, காலை 10.32

அழித்துவிட்டேன் தம்பி. ஆமாம், டார் கோப்புதான்.


செங்காங் நிக்ஸ் — சனி, காலை 11.05

சாரின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பெயர் வேறு, கோப்பு வேறு. லிப்ஐசியூ67, லிப்ஐசியூ72 இரண்டையும் டெபியன் 12-இல் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஐசியூவின் தரவுக் கோப்பு சுமார் 30 எம்பி. இன்றைக்கு அது ஒரு பொருட்டா?

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளர் இதை இருபது வருடத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. ஒவ்வொரு பேக்கேஜும் அதைக் கட்டிய எல்லா உள்ளீடுகளின் ஹேஷோடு (அவற்றிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியோடு) தனிக் கோப்புறையில் போகும். ஐந்து ஐசியூ வேண்டுமா, ஐந்தும் இருக்கும். எந்த நிரலுக்கு எது என்பது அந்த நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று உடையாது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போதே மாறிவிட்டேன், ஒரு முறைகூட இந்தத் தொல்லை வந்ததில்லை.


பொங்கோல் பொதியாளர் — சனி, மதியம் 1.20

நான் சில வருடங்களாக டெபியனுக்குப் பேக்கேஜ் கட்டுகிறேன். 2018-இல் பாய லேபாரில் வாழ்நாள் கற்றல் கழகத்தில் ஃபாஸ்ஏஷியா என்ற திறந்த மூல மென்பொருள் மாநாடு நடந்த சமயத்தில்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், மன்னிக்கவும்.

லைப்ரரி பேக்கேஜின் பெயரிலேயே அதன் சோநேம் எண் (நிரல்கள் அதைக் கேட்கும் கோப்புப் பெயரில் உள்ள எண்) இருக்க வேண்டும் என்பது டெபியன் கொள்கை. லிப்ஐசியூ67, லிப்ஐசியூ72 என்று இருப்பது அதனால்தான். உங்கள் கணினியில் இரண்டும் ஒன்றாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஏற்றும் நேரத்தில் உண்மையில் இரண்டுமே இருந்தன. இல்லாவிட்டால் பாதி ஏறிய நிலையில் பல நிரல்கள் திறந்திருக்காது.

ஆனால் டெபியன் களஞ்சியத்தில் ஐசியூவுக்கு மூலப் பேக்கேஜ் (மூல நிரல் அடங்கியது, இதிலிருந்தே மற்றவை கட்டப்படும்) ஒன்றே ஒன்றுதான். புது வெர்ஷன் உள்ளே வந்தால் அதிலிருந்து 72 மட்டும் பிறக்கும். 67-க்குத் தாய் இல்லை. உங்கள் கணினியில் 67 தங்கியிருந்தாலும் அது அநாதை. அதில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் டெபியன் 12-இல் இருந்து யாரும் திருத்தம் அனுப்பமாட்டார்கள். ஆப்ட்டில் ?அப்சலீட் என்ற தேடல் குறி இருக்கிறது, அதைக் கொடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்டவை எத்தனை உங்கள் கணினியில் கிடக்கின்றன என்று தெரியும்.

எல்லா லைப்ரரிக்கும் இதே வழியா என்றால் இல்லை. கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்முக்கு ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி மூலப் பேக்கேஜ் உண்டு. டெபியன் 12 வெளிவரும்போதே 13, 14, 15 மூன்றும் அதில் இருந்தன. சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் வரும், அதன் சி பிளஸ் பிளஸ் இடைமுகம் நிலையாக இருக்கும் என்று அவர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை. அதை நம்பி இருக்கும் கம்பைலர்களும் மெசா கிராஃபிக்ஸும் ஒரே நாளில் மாற முடியாது. அதனால் ஒரு குழு உட்கார்ந்து மூன்றையும் சுமக்கிறது.

ஐசியூவும் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சோநேம் மாறுகிறது. ஆனால் பெரும்பாலான நிரல்களைத் திரும்பக் கட்டினால் போதும், மூல நிரலைத் தொட வேண்டியதில்லை. அதனால் டெபியன் இதை ஒரு பெரிய இடமாற்றமாகச் செய்கிறது. முதலில் எக்ஸ்பெரிமெண்டல் என்ற சோதனைக் களஞ்சியத்தில் ஏற்றுவோம். புதுப் பெயர்ப் பேக்கேஜ் என்பதால் புதியவை வரிசையில் ஒருவர் கண்ணால் பார்த்து அனுமதிக்க வேண்டும். வெளியீட்டுக் குழுவிடம் தேதி கேட்போம். பிறகு ஐசியூவை நம்பும் அத்தனையும் திரும்பக் கட்டப்படும்: லிப்எக்ஸ்எம்எல்2, பூஸ்ட், கியூட்டி, வெப்கிட், லிப்ரேஆஃபிஸ், பிஎச்பி. இதில் ஒன்று கட்டப்படாமல் நின்றால் மொத்தமும் நிற்கும். ஓர் இடமாற்றத்தில் நானும் வால் பிடித்திருக்கிறேன். என் பங்குக்கு வந்தது ஒரே ஒரு சின்னப் பேக்கேஜ், அதன் சோதனைகளில் ஒன்று மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் பார்த்தால், தேதி எழுதும் வடிவத்தில் சாதாரண இடைவெளி இருந்த இடத்தில் புது ஐசியூ வேறொரு இடைவெளிக் குறியைப் போடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.


செங்காங் நிக்ஸ் — சனி, மதியம் 1.48

அப்படியானால் ஐசியூவுக்கும் எல்எல்விஎம் மாதிரியே தனித்தனி மூலப் பேக்கேஜ் வைத்திருக்கலாம். அந்த ஞாயிறுகள் மிஞ்சியிருக்கும் அக்கா.


புக்கிட் பாத்தோக் ஆர்ச் — சனி, மாலை 4.10

ஒரே வெர்ஷன் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ச் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் பயனர் பக்கமிருந்து ஒரு காட்சி. ஆர்ச்சில் ஐசியூ ஒன்றுதான். அது மாறும் நாளில் அதை நம்பும் எல்லாமும் சேர்ந்து மாறும். முழுதாக ஏற்றினால் ஒரு சிக்கலும் இல்லை.

நான் ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டே மடிக்கணினியில் ஒரு சின்னக் கருவியை மட்டும் நிறுவினேன். பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, மொத்தத்தையும் ஏற்றாமல், அந்த ஒன்றை மட்டும். அது புது ஐசியூவை இழுத்துக்கொண்டு வந்தது. பழையது போய்விட்டது. அடுத்து ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளரான பேக்மேனைக் கூப்பிட்டால் பேக்மேனே திறக்கவில்லை. பேக்மேன் லிப்ஆர்க்கைவை நம்புகிறது, லிப்ஆர்க்கைவ் லிப்எக்ஸ்எம்எல்2-ஐ, அது ஐசியூவை. நிறுவும் கருவியே நிறுவல் கோளாறில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய் யூஎஸ்பி போட்டு எழுப்பி மீட்டேன்.

பாதி ஏற்றக்கூடாது என்று ஆர்ச் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது, தவறு என்னுடையது. ஆனால் அன்றைக்குப் பழைய ஐசியூ கோப்பு மட்டும் ஒரு மூலையில் கிடந்திருந்தால் எனக்கு அந்த இரவு போயிருக்காது. அதனால் நான் சாரின் பக்கம்.


தஞ்சோங் பகார் தணிக்கை — சனி, இரவு 8.30

நிதித்துறையில் தகவல் தொழில்நுட்ப இடர் பார்க்கிறவன் நான். கோப்பு ஒரு மூலையில் கிடப்பதில்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் சைபர் ஹைஜீன் (அடிப்படை இணையப் பாதுகாப்பு) விதிகள் 2020 ஆகஸ்ட் 6 முதல் நடப்பில் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் இடரின் அளவுக்கு ஏற்ற காலத்துக்குள் போட்டாக வேண்டும். திருத்தமே வராத பொருள் என்றால் அந்த இடரைக் குறைக்க என்ன செய்தாய் என்று காட்ட வேண்டும். ஒரு சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரி) 1.1.1 இருக்கிறது என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே. 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது. உபுண்டு 22.04-இல் அதை எடுத்துவிட்டு 3.0 மட்டும் வைத்தார்கள். உடனே வெளி நிறுவன நிரல்கள் வரிசையாக உடைந்தன. எல்லாரும் என்ன செய்தார்கள்? பழைய உபுண்டு களஞ்சியத்திலிருந்து அதன் லிப்எஸ்எஸ்எல்1.1 டெப் பேக்கேஜை இறக்கி நிறுவினார்கள். இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்குப் போனால் அது அங்கேயே இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை, வைத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ரெட்ஹாட் வழி எனக்குப் பிடிக்கும். ஆர்எச்இஎல் 9-இல் முதன்மை ஓப்பன்எஸ்எஸ்எல் 3. பழைய நிரல்களுக்காகக் கம்பாட் ஓப்பன்எஸ்எஸ்எல்11 என்று தனிப் பேக்கேஜ். அதில் ஓடத் தேவையான கோப்புகள் மட்டும்தான், ஹெட்டர் கோப்புகள் இல்லை. அதாவது ஏற்கெனவே கட்டியது ஓடலாம், புதிதாக எதையும் அதை நம்பிக் கட்ட முடியாது.


பொங்கோல் பொதியாளர் — சனி, இரவு 10.05

தஞ்சோங் பகார் அண்ணன் சொன்ன அந்த ஹெட்டர் விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. டெபியன் 9-இல் நாங்கள் அதை வேறு மாதிரி செய்தோம். 2017 ஜூனில் அது வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2, 1.1.0 இரண்டும் உள்ளே இருந்தன. 1.1.0-இல் உள் அமைப்புகளை எல்லாம் மூடிவிட்டார்கள், அதனால் நிறைய நிரல்களின் மூலத்தையே திருத்த வேண்டியிருந்தது. கியூட்டிக்கே 5.10-இல்தான் 1.1 ஆதரவு வந்தது. வேறு வழியில்லாமல் இரண்டையும் வைத்தோம், இரண்டுக்கும் ஹெட்டர் பேக்கேஜும் கொடுத்தோம். அந்த இரண்டு ஹெட்டர் பேக்கேஜும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்காது, ஒன்றை நிறுவினால் இன்னொன்று போய்விடும்.

செங்காங் தம்பி, இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வட்டில் இடம் போவது பற்றி யாருக்கும் கவலை இல்லை. இரண்டு வெர்ஷனும் ஒரே ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள்) வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே கவலை.

இணையத்திலிருந்து கோப்பு இறக்க உதவும் கர்ல் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஒரு பொருளைக் கர்ல் தன்னைக் கூப்பிடும் நிரலின் கையில் அப்படியே கொடுக்க முடியும். கர்ல் 1.0.2-வோடும், அதைக் கூப்பிடும் நிரல் 1.1-ஓடும் கட்டப்பட்டிருந்தால், ஒரு வீட்டுச் சாவியை இன்னொரு வீட்டுப் பூட்டில் போட்டுத் திருகுவது போலத்தான். அதனால் டெபியன் 9-இல் லிப்கர்ல்3 பழைய 1.0.2-விலேயே இருத்தப்பட்டது. பிறகு புதியதுக்கு மாறியபோது கர்லின் சொந்த சோநேம் மாறவே இல்லை, இருந்தாலும் பேக்கேஜ் பெயரை லிப்கர்ல்4 என்று மாற்ற வேண்டி வந்தது. அடுத்த வீட்டு லைப்ரரி மாறியதுக்கு இந்த வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றினோம்.

இணையத் தொடர்புக்கான இன்னொரு லைப்ரரியான லிப்சூப் இன்னும் கறாராக இருக்கிறது. லிப்சூப் 2-உம் 3-உம் ஒரே ப்ராசஸில் இருப்பதைக் கண்டால் லிப்சூப் 3 தானாகவே நிரலை நிறுத்திவிடும், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த ஆதரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு. அதனால் டெபியன் 12-க்கு, வலைப்பக்கங்களைக் காட்டும் வெப்கிட்ஜிடிகேவையே இரண்டு தடவை கட்டுகிறோம்: லிப்சூப் 2-க்கு 4.0, லிப்சூப் 3-க்கு 4.1. அது களஞ்சியத்திலேயே மிகக் கனமான பேக்கேஜ்களில் ஒன்று, அதையும் இரண்டு முறை.

இந்த விஷயத்தில் ஐசியூ நல்ல பிள்ளை. வாலில் எண் இருப்பதால் 67-உம் 72-உம் ஒரே ப்ராசஸுக்குள் வந்தாலும் பெயர் மோதாது. ஒன்றின் பொருளை இன்னொன்றுக்குக் கொடுக்காத வரை பிழைத்துக்கொள்ளும்.


செங்காங் நிக்ஸ் — ஞாயிறு, காலை 8.50

லிப்சூப் கதை எனக்குப் புதிது, நன்றி அக்கா. நிக்ஸிலும் ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு வெர்ஷன் வந்தால் இதே கதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஹேஷ் போட்ட கோப்புறை கோப்புகளைத்தான் பிரிக்கும், மெமரியைப் பிரிக்காது.

ஆனால் ஒரே வெர்ஷன்தான் பாதுகாப்பு என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. டிஸ்ட்ரோ பழையதை எடுத்துவிட்டால் நிரல் செய்பவர்கள் லைப்ரரியைத் தங்கள் நிரலுக்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பியில் ஓட்டை வந்ததே, நினைவிருக்கிறதா? டிஸ்ட்ரோவின் லிப்வெப்பி பேக்கேஜுக்குத் திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. எலெக்ட்ரான் (உலாவியையே உள்ளே வைத்துக் கட்டும் முறை) நிரல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் இருந்த தனிப் பிரதிகளுக்கு அவரவர் புது வெர்ஷன் விட வேண்டியிருந்தது. டிஸ்ட்ரோ இரண்டு வெர்ஷனைக் கையில் வைத்திருந்தால், குறைந்தது எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்.


தஞ்சோங் பகார் தணிக்கை — ஞாயிறு, காலை 9.30

அந்தக் கடைசி வாக்கியத்தில் உங்களோடு நிற்கிறேன். பெயரோடும் எண்ணோடும் பதிவில் இருக்கும் பழைய லைப்ரரி, யாருக்கும் தெரியாமல் ஒரு நிரலின் வயிற்றுக்குள் கிடக்கும் பழைய லைப்ரரியைவிட எவ்வளவோ மேல்.


ஈசூன் புத்தகப்பெட்டி — ஞாயிறு, காலை 11.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். லேபிள் நிரலைவிட இப்போது எனக்கு இரண்டாவது எச்சரிக்கைதான் பயமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

2019-இல் டெபியன் 9-லிருந்து 10-க்கு மாறியபோது ஒன்று நடந்தது. எங்கள் அடுக்கு எண்கள் 1-1, 1-2, 11, 11-4 என்கிற மாதிரி இருக்கும். மாறிய பிறகு ஒரு தொண்டூழியர் அக்கா என்னிடம் வந்தார், கையில் புத்தகம், முதுகில் 1-1 என்ற லேபிள். "சார், கம்ப்யூட்டர் இந்தப் புத்தகமே இல்லை என்கிறது." நான் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் காகிதத்தில் அச்சடித்துப் பார்த்தேன், அதில் இருக்கிறது. எண்ணைக் கொடுத்துத் தேடினால் மட்டும் இல்லை. இதற்குள் அவர் இல்லாத புத்தகம் என்று நினைத்துச் சிலவற்றைத் திரும்பப் பதிந்துவிட்டார். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்தில் இருந்தும் அது ஏற்றுக்கொண்டது. எப்படி என்று எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. நாங்கள் நாலு பேர் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து சரி செய்தோம்.

அதற்குப் பிறகு ஒருவர் சொல்லி, தமிழ் வரிசைக்கு ஐசியூவுக்கு மாறினேன். அதில் ஒரு சந்தோஷம் உண்டு. யூனிகோட் எண் வரிசையில் போனால் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வரும், பகல் முன்னே வந்து பக்கம் பின்னே போகும். ழவும் வவுக்கு முன்னால் வந்துவிடும். ஐசியூவின் தமிழ் வரிசையில் க் முதலில், பிறகு க. பக்கம், பிறகு பகல். அகராதியில் நாம் பார்க்கும் வரிசை. முதியவர்கள் அச்சடித்த பட்டியலைப் பார்த்து "இதுதான் சரி" என்றார்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை.


ஜூரோங் இரவுப்பணி — ஞாயிறு, மதியம் 12.40

சார், 2019-இல் உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் ஜிலிப்சி 2.28, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. அந்த வெர்ஷனில் வரிசை விதிகளை மொத்தமாகப் புதுப்பித்தார்கள். அதற்கு முன்னால் 11 முதலில், 1-1 பிறகு. 2.28-லிருந்து 1-1 முதலில், 11 பிறகு. கணினி பழையதா புதியதா என்று பார்க்கப் போஸ்ட்கிரெஸ் ஆட்கள் இந்த இரண்டு எண்களையே சோதனையாகக் கொடுக்கிறார்கள்.

இண்டெக்ஸ் என்பது பழைய விதிப்படி அடுக்கிய அலமாரி. தேடுபவர் புது விதியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று, 1-1 இடப்பக்கம்தான் இருக்கும் என்று இடப்பக்கம் போகிறார். புத்தகம் வலப்பக்கம் இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். புதிதாகப் பதியும்போதும் அதே இடப்பக்கம் பார்த்து, இல்லை என்று முடிவு செய்து, இரண்டாவது பிரதியை உள்ளே விட்டுவிடுகிறார். உங்கள் கட்டுப்பாடு அதனால்தான் பிடிக்கவில்லை.

ஜிலிப்சிக்குச் சோநேமும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 1997-இல் வந்த 2.0-லிருந்து இன்றுவரை அது லிப்சி.எஸ்ஓ.6. நிலையான லைப்ரரி என்று எல்லாரும் கைகாட்டுவது அதைத்தான். எந்த நிரலும் உடையவில்லை, அலமாரி மட்டும் குலைந்தது.

இந்தத் தடவை ஐசியூ என்பதால் போஸ்ட்கிரெஸ் முன்கூட்டியே சொல்கிறது. வரிசை விதி எந்த வெர்ஷனில் உருவானது என்று அது எழுதி வைத்திருக்கிறது, இப்போதைய ஐசியூவோடு ஒப்பிட்டு எச்சரிக்கிறது. எச்சரிக்கை வந்துவிட்டதாலேயே தமிழ் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் மாறவில்லை என்று நம்பி விட்டுவிடக்கூடாது.

கேள்வி: இன்னும் போஸ்ட்கிரெஸ் 13-இலேயே இருக்கிறீர்களா, 15-க்கு மாறிவிட்டீர்களா?


ஈசூன் புத்தகப்பெட்டி — ஞாயிறு, மதியம் 12.55

13தான், போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்திலிருந்து, டெபியன் 12-க்குக் கட்டியது. 15-உம் நிறுவியிருக்கிறது, ஆனால் தரவு 13-இல்.


ஜூரோங் இரவுப்பணி — ஞாயிறு, மதியம் 1.10

அப்போது வழி சுலபம். முதலில் ஒரு பேக்கப், வெளி வட்டில். பிறகு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளை. டெபியனில் அது வேறு எதுவும் சொல்லாவிட்டால் தரவை வெளியே கொட்டி 15-இல் திரும்ப ஏற்றும். ஏற்றும்போது எல்லா இண்டெக்ஸும் புதிதாகவே கட்டப்படும், இன்றைய ஐசியூ விதிப்படி. 4,000 புத்தகத்துக்கு ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். பழைய கிளஸ்டரை (13-இன் தரவுத் தொகுதியை) ஒரு மாதம் அழிக்காமல் வையுங்கள், ஓட மட்டும் விடாதீர்கள்.

13-இலேயே இருக்க வேண்டும் என்றால் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் கட்டளை) போட்டுவிட்டு, அதன் பிறகு மட்டும் வரிசை விதியின் வெர்ஷனைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுங்கள். வரிசை மாறிப் போடாதீர்கள். முதலில் வெர்ஷனைப் புதுப்பித்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், கோளாறு இருந்தால் அப்படியே இருக்கும்.


செங்காங் நிக்ஸ் — ஞாயிறு, மதியம் 2.30

இதைப் படித்த பிறகு நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இரண்டு ஐசியூவைப் பக்கத்தில் வைப்பது நிரலுக்கு உதவும். ஆனால் 67-ஓடு கட்டிய நிரலும் 72-ஓடு கட்டிய நிரலும் ஒரே அடுக்கிய தரவைத் தொட்டால், எத்தனை கோப்புறை பிரித்தாலும் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் நிரலாளர்களிடையே பல ஐசியூவை ஒரே நேரத்தில் ஏற்றி, இண்டெக்ஸ் எந்த வெர்ஷனில் பிறந்ததோ அதையே கூப்பிடும் யோசனையும் பேசப்பட்டிருக்கிறது. அதற்குக்கூடப் பழைய ஐசியூவைப் பல வருடம் யாராவது பேக்கேஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒரு கேள்வி அக்கா. விண்டோஸ் 10-இல் ஐசியூ இருக்கிறது, வாலில் எண் இல்லாமல், சி மொழி இடைமுகம் மட்டும். ஆண்ட்ராய்டிலும் அப்படியே. லினக்ஸில் ஏன் அப்படிச் செய்யவில்லை?


பொங்கோல் பொதியாளர் — ஞாயிறு, மாலை 5.20

நல்ல கேள்வி. ஐசியூவிலேயே பெயர் மாற்றத்தை அணைக்கும் தேர்வு உண்டு. சி இடைமுகத்தில் நிலையானது என்று குறித்தவற்றை மட்டும் தொட்டால் அது நடக்கும். ஆனால் லினக்ஸ் பக்கம் நிறைய நிரல்கள் சி பிளஸ் பிளஸ் வகுப்புகளைத் தொடுகின்றன, அவற்றுக்கு அந்த வாக்கு இல்லை. ஒரு டிஸ்ட்ரோ மட்டும் எண்ணை எடுத்தால், ஐசியூவின் எண்ணை நம்பி வெளியில் கட்டிய நிரல் அந்த டிஸ்ட்ரோவில் ஓடாது. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் ஒரே கையில் இருப்பதால் முடிந்தது.

வெளியிலிருந்து வருபவர்கள் படும் பாட்டையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் டெப் பேக்கேஜில் எது வேண்டும் என்று எழுதியிருக்கும் வரியைத் திறந்தால், லிப்ஐசியூ72 அல்லது 71 அல்லது 70 என்று தொடங்கி 52 வரை இறங்கும். ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் எது கிடைக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது எந்த எண் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்த வாலை ஒட்டி ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் பார்த்தால் மதிப்புதான் வருகிறது. பயனர் தலையில் கட்டாமல் தாங்களே சுமந்திருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மூலத்தைத் திருத்தாமல் திரும்பக் கட்டினால் போதும் என்கிற லைப்ரரிக்கு ஒரே வெர்ஷன்தான் சரி. மூலத்தையே திருத்த வேண்டும் என்றால் இரண்டு வைக்கலாம், ஆனால் பழையது ஓடுவதற்கு மட்டும், ஹெட்டர் இல்லாமல், எந்த வெளியீட்டில் போகும் என்று முதல் நாளே எழுதி. அந்தத் தேதியை எழுத ஆள் இல்லையென்றால் வைக்கக்கூடாது. செங்காங் தம்பி இதை ஏற்கமாட்டார் என்று தெரியும்.

சாரின் லேபிள் நிரலுக்கு வருகிறேன். டெபியன் 11-க்கான நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 வரை. அந்தப் பாதுகாப்புக் களஞ்சியத்தில் இருக்கும் கடைசி லிப்ஐசியூ67 டெப்பை எடுங்கள். நிறுவாதீர்கள். டிபிகேஜியின் எக்ஸ் தேர்வால் லேபிள் நிரலின் கோப்புறைக்குள்ளேயே அவிழ்த்து, அந்த நிரலைத் திறக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் மட்டும் லைப்ரரிப் பாதையைக் காட்டுங்கள். கணினியில் வேறு எந்த நிரலும் அதைப் பார்க்காது.


தஞ்சோங் பகார் தணிக்கை — ஞாயிறு, மாலை 6.00

அந்த ஸ்கிரிப்டின் முதல் வரியில் என்ன, ஏன், எது வரை என்று எழுதி வையுங்கள் சார். நிரலுக்கு இணையம் தேவையில்லை என்றால் அதையும் அடைத்துவிடுங்கள்.


செங்காங் நிக்ஸ் — ஞாயிறு, மாலை 6.25

ஏற்கவில்லைதான் அக்கா. தேதியை டிஸ்ட்ரோ தீர்மானிப்பதைவிட, பழையது தேவைப்படுகிறவர் அதைப் பிரித்து வைத்துக்கொள்ளும் வழியைக் கொடுப்பதே நியாயம் என்பேன். சாருக்கு நீங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வேலைதானே, கையால்.


பொங்கோல் பொதியாளர் — ஞாயிறு, மாலை 6.40

ஆமாம், அதே வேலைதான். ஒரு கணினிக்குச் செய்கிறேன். லட்சக்கணக்கான கணினிக்குச் செய்து, அதில் வரும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பதில் சொல்ல என்னால் முடியாது.


ஈசூன் புத்தகப்பெட்டி — அடுத்த சனி, மாலை 5.50

செய்து முடித்தேன். முதலில் பேக்கப். பிறகு 15-க்கு மாற்றினேன். ஏற்றும்போது ஒரே ஓர் இடத்தில் நின்றது: தனித்துவக் கட்டுப்பாட்டை மீறும் இரண்டு வரிகள். 2019-இல் நாங்கள் சரி செய்தபோது கண்ணில் படாமல் போன ஓர் இரட்டைப் பதிவு. ஒரே புத்தகம், ஒரே எண், இத்தனை வருடமாக இரண்டு வரியாக இருந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் இரவல் கணக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னொன்றை நீக்கித் திரும்ப ஏற்றினேன், முடிந்தது. எச்சரிக்கை இல்லை.

லேபிள் நிரலுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் மூன்று வரி தமிழில்: இது லிப்ஐசியூ67, லேபிள் அச்சுக்கு மட்டும், 2026 ஆகஸ்ட் 31-க்கு மேல் வேண்டாம். நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், டெபியன் 12-க்குக் கட்டித் தர முடியுமா என்று. பதில் வரவில்லை. ஆப்ட்டில் அக்கா சொன்ன தேடலைக் கொடுத்ததில் இன்னும் ஏழு அநாதைப் பேக்கேஜ்கள் வந்தன. அவற்றில் ஒன்று லிப்எஸ்எஸ்எல்1.1. எந்த நிரலும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை. எடுத்துவிடலாமா, அல்லது இதையும் டார் கோப்பு ஏதாவது பிடித்துக்கொண்டிருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?


ஜூரோங் இரவுப்பணி — அடுத்த சனி, மாலை 6.20

எடுப்பதற்கு முன்னால், /opt கோப்புறைக்குள் இருக்கும் ஒவ்வொரு நிரல் கோப்பின் மேலும் எல்டிடி (எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள் சார். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று எங்காவது வந்தால் நிறுத்துங்கள். வராவிட்டாலும் ஓடும்போது தானாகத் தேடி ஏற்றும் நிரல்கள் உண்டு, அவை எல்டிடியில் தெரியாது. அதனால் நூலகம் திறந்திருக்கும் நாளில் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் எடுங்கள், நான் இரவுப்பணி முடிந்து பத்து மணி வரை விழித்திருப்பேன்.